மலைப் புத்தகத்தில் ஒரு கோடு

பிளாஸ் மவ்னோக் மாளிகையின் முன்கதவில் இரண்டு பித்தளைக் கைப்பிடிகள் இருந்தன. இரண்டு குளிர்காலங்கள் நெஸ்டா அவற்றை நாள் தவறாமல் துலக்கியிருக்கிறாள்; முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் என்னும்படி துலக்கியிருக்கிறாள். ஆனால் ஒரு முறைகூட அவற்றைத் திருகி உள்ளே போனதில்லை. வேலைக்காரர்களுக்கென்று பின்கட்டில் தனி வாசல் உண்டு. அந்த நவம்பர் மாத வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், தன் ஐம்பத்தாறாவது வயதில், கையில் சிறு பெட்டியோடு முன்வாசலில் வந்து நின்றபோது, அவள் கால்கள் பழக்கதோஷத்தால் வலப்பக்கம் திரும்பிக் கரி கொட்டிவைக்கும் முற்றத்தை நோக்கி நடக்கப் பார்த்தன.

மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைகள் இடுப்புக்கு மேலே காணாமல் போயிருந்தன. வாசலின் கற்பலகைகளில் நீர் கறுப்பாக மின்னியது. நெஸ்டா கைப்பிடியைத் திருகினாள். அது துலக்கப்படாமல் பச்சை பிடித்திருந்தது.

அவளை இங்கே வரவழைத்தது ஒரு கடிதம். மாளிகையின் இன்றைய உரிமையாளரான டியூடர் வாகன் அதை எழுதியிருந்தார். தொண்ணூறு ஆண்டுகளாக விடுதியாக நடந்துவந்த வீட்டை மாத முடிவில் மூடப்போவதாகவும், பழைய விருந்தினர்களும் பழைய வேலையாட்களும் கடைசி வாரத்தில் விருந்தாளிகளாக வந்து தங்கிப்போக வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அந்த அழைப்புக்காக நெஸ்டா வந்திருக்கமாட்டாள். அடியில் ஒற்றை வரியாக இன்னொரு செய்தியும் இருந்தது: மலைப் புத்தகங்கள் யாவும் திங்கட்கிழமை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்படும், பார்க்க விரும்புவோர் அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். 

அந்தப் புத்தகங்களுள் ஒன்றில் ஒரு பக்கம் இருந்தது. அதைக் கிழித்து எடுத்துவிடுவதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

மலைப் புத்தகம் என்பது கூடத்து மேசைமேல், காற்றழுத்தமானிக்குக் கீழே எப்போதும் விரிந்து கிடக்கும் தடித்த ஏடு. மலையேறப் புறப்படும் விருந்தினர் ஒவ்வொருவரும் தம் பெயர், அறை எண், போகும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை அதில் எழுதிவிட்டுத்தான் வாசற்படி தாண்ட வேண்டும். திரும்பியதும் தம் பெயரைத் தம் கையாலேயே அடிக்க வேண்டும். விளக்கேற்றும் வேளையில் அடிபடாத பெயர் ஒன்று மிஞ்சினாலும் போதும். பள்ளத்தாக்கின் ஆண்கள் கயிறும் லாந்தருமாகக் கிளம்பிவிடுவார்கள். டியூடரின் தாயாரான பழைய மிஸஸ் வாகன் அந்த ஏட்டை வேதாகமத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். "அடுத்தவங்க பேரை யாரும் அடிக்கக் கூடாது. அவங்கவங்க வந்தேன்னு அவங்கவங்கதான் சொல்லணும்" என்று வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஆனால் நனைந்து நடுங்கி வருகிற விருந்தினர்களுக்கு ஏடு எங்கே நினைவிருக்கும்? பூட்ஸைக் கழற்றி அடுக்குப்பலகையில் வைத்துவிட்டு நேரே வெந்நீருக்கும் தேநீருக்கும் போய்விடுவார்கள். அதனால் மாலையில் வேலைக்காரப் பெண்கள் பூட்ஸ் அறையை எட்டிப்பார்ப்பார்கள். இன்னாருடைய பூட்ஸ் பலகையில் இருந்தால் இன்னார் வந்துவிட்டார் என்று பெயரை அடித்துவிடுவார்கள். எஜமானியம்மாவுக்குத் தெரியாமல் எல்லோரும் செய்த காரியம்தான். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், இதேபோன்றதொரு நவம்பரில், இருபது வயது நெஸ்டாவும் செய்தாள். சிவப்புக் கயிறு கட்டிய பழுப்பு பூட்ஸ் பலகையில் இருந்தது. ஏழாம் அறைக்காரர் இத்தெல் ரீஸின் பெயர்மேல் கோடு போட்டுவிட்டுக் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று இத்தெல் ரீஸ் திரும்பி வரவில்லை.

"அடியே நெஸ்டா! முன்வாசல் வழியா வந்தியாமே!"

வரவேற்பறையில் கணப்பருகே உட்கார்ந்திருந்த ஒல்வென்தான் கூவினாள். ஒரு காலத்தில் இந்த வீட்டுச் சமையலறையை ஆண்டவள். இப்போது எழுபத்தெட்டு வயது. "மிஸஸ் வாகன் மட்டும் இருந்திருந்தா உன்னைக் கரி மூட்டையோட சேத்து வெளியில உருட்டியிருப்பா!"

"நீங்க எந்த வழியா வந்தீங்க ஆன்ட்டி?"

"பின்வாசல்ல மூணு படி, முன்வாசல்ல ரெண்டு. எனக்கு முட்டி மடங்காது. அதனால சீமாட்டி ஆயிட்டேன்." ஒல்வென் தன் தட்டிலிருந்த பாரா ப்ரித் என்னும் திராட்சை ரொட்டித் துண்டைச் சந்தேகத்தோடு தூக்கிப் பார்த்தாள். "இதைப் பாரேன். திராட்சைய ராத்திரி முழுக்க டீயில ஊறப்போடணும். இவங்க டீயத் தூரத்துலேருந்து திராட்சைக்குக் காட்டியிருக்காங்க, அவ்வளவுதான். வெண்ணெயத் தடவி மறைச்சுட்டாங்க. ஏன்டி உன் முகம் இப்படி வெளிறிக் கெடக்கு? கார்ல வாந்தி எடுத்தியா?"

"தூக்கமில்ல ஆன்ட்டி."

அப்போது டியூடர் ஒரு பெண்மணியோடு உள்ளே வந்தார். உயரமான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி, முதுகு வளையாத நடை. டியூடர் தாயைப்போல அல்லாமல் கூச்ச சுபாவம் உடையவர். "இவங்க ரெண்டு பேரும் அம்மா காலத்துல இங்க வேலை பார்த்தவங்க. இவங்க மிஸஸ் ரீஸ். இவங்களோட... அதாவது, எண்பத்தேழாம் வருஷம்..." என்று தொடங்கிவிட்டு எப்படி முடிப்பதென்று தெரியாமல் கைகளைப் பிசைந்தார்.

"என் வீட்டுக்காரர் இங்க தங்கியிருந்தாரு. ஏழாம் நம்பர் ரூம்" என்று அந்தப் பெண்மணியே முடித்துவைத்தாள். "நான் மோர்வித். இந்த வீட்டுக்கு இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்."

நெஸ்டா அப்போதுதான் ஒரு தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்திருந்தாள். அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டாள்.

டியூடர் நல்லெண்ணத்தோடு மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டுப் போனார். மோர்வித் பால் விடாத தேநீரைக் குடித்தபடியே, ஏதோ ரயில் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் அந்தப் புத்தகத்தைப் பாக்க வந்தேன். திங்கட்கிழமைக்கு அப்புறம் அது கண்ணாடிக்குள்ள போயிடும். அவரு தன் பேரை அடிச்ச கோட்ட ஒரு தடவை பாத்துடணும்."

ஒல்வென் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு மெதுவாக, "மறந்துடலாமே மிஸஸ் ரீஸ். அந்தக் காலத்துல ஊரு ஆயிரம் பேசிச்சு" என்றாள்.

"ஊரு என்ன பேசிச்சுன்னு எனக்குத் தெரியும்."

நெஸ்டாவுக்கும் தெரியும். சாயங்காலம் திரும்பி வந்தார், பழைய பூட்ஸைப் பலகையில் வைத்தார், புதியதை மாட்டிக்கொண்டார், யாரும் தேடி வரக்கூடாதென்று பெயரை அடித்தார், மறுபடி மலைக்குப் போனார். மரண விசாரணையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிவு சொல்ல இயலாது என்றுதான் எழுதினார்கள். ஆனால் ஆலயத்தின் கடைசி வரிசையிலும் தபால் நிலையத்திலும் எல்லோரும் சொன்னார்கள். போலீஸ்காரர் வேலையாட்களைச் சமையலறையில் வரிசையாக நிறுத்தி, "யாராவது புத்தகத்தைத் தொட்டீங்களா?" என்று கேட்டார். அவர்களுக்கு முந்திக்கொண்டு மிஸஸ் வாகன், "என் வீட்டுல யாரும் தொடமாட்டாங்க" என்றார். அந்த வாக்கியம் கதவுபோலச் சாத்திக்கொண்டது. அதைத் திறக்க இருபது வயதில் நெஸ்டாவுக்குத் தெம்பு இல்லை. முப்பதில் இன்னும் குறைந்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், மலை கண்ணில் படாத ஒரு ஊர்.

பிள்ளைகளுக்கு அவள் ஒரு கதை சொல்வதுண்டு. எண்ணத் தெரிந்த நாய் ஒன்று மேய்ப்பன் ஒருவனிடம் இருந்ததாம். அந்தி சாய்ந்ததும் பட்டி வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிற ஆடுகளை அது எண்ணிச் சொல்லுமாம்; அதன் பிறகுதான் அவன் கதவை மூடுவானாம். ஒருநாள் நல்ல மழை. நாய்க்குக் குளிர். முள்வேலியில் சிக்கியிருந்த ஒரு கொத்துக் கம்பளியைக் கண்டு, அதையும் ஒரு ஆடாக எண்ணிக்கொண்டு, "எல்லாம் சரி" என்று வாலாட்டிவிட்டுக் கணப்பருகே போய்ப் படுத்ததாம். "அப்புறம் அந்த ஆடு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "தூங்குங்க" என்பாள் நெஸ்டா. அந்தக் கதையை அவள் ஒருநாளும் முடித்ததில்லை.

தேநீருக்குப் பின் மோர்வித் நூலகத்துக்குப் போனாள். நெஸ்டாவும் பின்னாலேயே போனாள். மோர்வித்தை ஏட்டோடு தனியே விட்டால் பிறகு பக்கத்தைக் கிழிக்க வழியிராது என்று மனம் காரணம் சொல்லிற்று. உண்மையில் அவளால் போகாமல் இருக்க முடியவில்லை.

பழைய ஏடுகளை நூலகத்தில்தான் வைத்திருந்தார்கள்; எண்பத்தேழாம் வருஷத்து ஏடு பச்சை மேசைவிளக்கின் கீழ் விரிந்திருந்தது. மோர்வித் விரலால் தொடாமல் குனிந்து பார்த்தாள். 'இத்தெல் ரீஸ், அறை 7. கறுப்பேரி, காக்கைப் பாறையின் கீழ்வழி. நான்கு மணிக்குத் திரும்புவேன்.' அதன்மேல் நேரான ஒரு கோடு. முடிவில் கொக்கிபோலக் கீழ்நோக்கி ஒரு சிறு வளைவு.

"எவ்வளவு நேரா போட்டிருக்காரு பாருங்க" என்றாள் மோர்வித். "கை நடுங்கவே இல்ல. நான் நடுங்கியிருக்கும்னு நினைச்சிருந்தேன்."

நெஸ்டா தன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. அன்னிக்கு இங்க இருந்தவங்கங்கறதால சொல்றேன். நாங்க சண்டை போட்டுக்கிட்டோம். அவங்க அம்மாவ எங்க வீட்டோட வச்சுக்கறதப் பத்தி. அவரு கோபிச்சுக்கிட்டு இங்க வந்துட்டாரு. நான் ஒரு கடுதாசி எழுதினேன். 'ஒண்ணும் அவசரமில்ல, வராட்டியும் பரவாயில்ல'ன்னு. அது வெள்ளிக்கிழமை வந்து சேந்திருக்கு. சனிக்கிழமை அவரு போயிட்டாரு." அவள் நிமிர்ந்தாள். "ஆனா ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மேய்ப்பன் விசில் சத்தம் கேட்டிருக்கான். ஆறு ஊது, ஒரு இடைவெளி, மறுபடி ஆறு. உதவி கேக்கறவங்க ஊதுற மாதிரி. போகணும்னு போனவரு ஏன் ஊதணும்? வரணும்னு நினைச்சவரு ஏன் பேரை அடிக்கணும்? முப்பத்தாறு வருஷமா இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அந்த மேய்ப்பன் விடுதிக்குத் தொலைபேசியில் சொன்னது நெஸ்டாவுக்கு நினைவிருந்தது. மிஸஸ் வாகன் ஏட்டருகே போய், பக்கத்தின்மேல் விரலை ஓட்டி, "எல்லாப் பேரும் அடிச்சிருக்கு. எங்க ஆளு யாரும் வெளியில இல்ல" என்று பதில் சொன்னபோது, நெஸ்டா காப்பிக் கோப்பைகளோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ஆமாம், எல்லாரும் வந்தாயிற்று என்று மனதுக்குள் அவளும் தலையசைத்தாள். மறுநாள் காலையில் ஏழாம் அறையின் படுக்கை கலையாமல் இருந்ததைக் கண்டவளும் அவள்தான். கணுக்கால் முறிந்து பாறையடியில் கிடந்தவர் விடியற்காலைவரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது அவள் கண்கள் ஏட்டின் எதிர்ப்பக்கத்துக்குத் தாவின. அங்கே அதற்கு முந்தைய வாரத்துப் பெயர்கள். மூன்று பெயர்களின்மேல் அதே நேர்கோடு, அதே கொக்கி. சலவைக்கூடத்தில் துணிப் பட்டியலை அடித்து அடித்துப் பழகிய கை அவளுடையது. எண்ணியாயிற்று, மடித்தாயிற்று என்பதற்கு அந்தக் கொக்கி. மோர்வித் பார்வையை ஒரு சாண் நகர்த்தினால் போதும்.

வெண்கலத் தட்டின் ஓசை கூடத்திலிருந்து எழுந்தது. இரவு உணவுக்கு அழைப்பு. மோர்வித் ஏட்டை மெல்ல மூடினாள். "நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பறேன்" என்றாள். "நாளைக்கும் ஒரு தடவை பாப்பேன். அப்புறம் போதும்."

அடுத்த நாள் காலையில் நூலகத்தில் யாரும் இல்லை. ஏடு மேசைமேல்தான் இருந்தது. நெஸ்டா அதை விரித்து, அந்தப் பக்கத்தின் மேல்முனையைப் பிடித்துச் சற்று இழுத்தாள். தாள் தையலோடு முனகியது. கிழித்துவிட்டால் அந்தக் கோட்டை மோர்வித் மறுபடி பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கோடு மோர்வித்தின் தலைக்குள் இருந்துகொண்டேயிருக்கும், இத்தெலின் கையால் போடப்பட்டதாக. நெஸ்டா கையை எடுத்துவிட்டாள்.

கூடத்து ஏட்டில் தன் பெயரை எழுதினாள்: 'நெஸ்டா, அறை 5. கறுப்பேரி வரை. மூன்று மணிக்குத் திரும்புவேன்.' மழையங்கியை மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் நடந்தாள். பாசி ஊறிய பாதை காலடியில் சளப்சளப்பென்றது. ஆடுகள் நனைந்த கற்களைப்போல அசையாமல் நின்றன. ஏரிக்கரையில் அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "மிஸஸ் ரீஸ், அது நான்தான்." ஓர் ஆடு மென்றபடி பார்த்தது. "நான்தான் அடிச்சேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேலே காக்கைப் பாறை மேகத்துக்குள் இருந்தது. எவ்வளவு அருகில்! சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவள் திரும்பியபோது மோர்வித் கூடத்துக் கணப்பருகே பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். நெஸ்டா ஈர அங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஏட்டருகே போய் நின்றாள்.

"மிஸஸ் ரீஸ், கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

மோர்வித் பின்னலை வைத்துவிட்டு வந்தாள். நெஸ்டா பேனாவை எடுத்தாள். தன் பெயரின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். முடிவில் கை தானாகவே கீழ்நோக்கி வளைந்தது. பேனாவை வைத்துவிட்டு, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றாள்.

மோர்வித் அந்தக் கோட்டையே பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. நூலகத்துக்குப் போனாள், பழைய ஏட்டைக் கொண்டுவந்து புதியதன் அருகில் விரித்தாள். அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கத்தையும் பார்த்தாள். இன்னொரு தாளைப் புரட்டினாள், அதிலும் இருந்தது. காற்றழுத்தமானிக்கு மேலிருந்த பெரிய கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடியது.

"எந்த பூட்ஸப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"சிவப்புக் கயிறு கட்டினது."

"அது பழசு."

"எனக்குத் தெரியாது மிஸஸ் ரீஸ். அவரு புதுசு வாங்கினது அப்ப எனக்குத் தெரியாது."

"எனக்கு எழுதின கடைசிக் கார்டுல அதைத்தான் எழுதியிருந்தாரு. புது பூட்ஸு, குதிகாலக் கடிக்குதுன்னு." மோர்வித் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவரு திரும்பியே வரல."

"இல்ல."

"கல்லறைக் கல்லுல எல்லாரும் 'அன்பு நினைவாக'ன்னு வெட்டுவாங்க. நான் வெறும் 'நினைவாக'ன்னு வெட்டச் சொன்னேன். 'அன்பு' வேண்டாமாம்மான்னு கல்தச்சன் ரெண்டு தடவை கேட்டான். வேண்டாம்னேன். என்னை விட்டுட்டுப் போனவருக்கு என்ன அன்புன்னு." அவள் குரல் உயரவில்லை. "அவரு ராத்திரி முழுக்க ஊதிக்கிட்டு இருந்திருக்காரு. அந்தக் கல்ல நான் எப்படி மாத்துவேன்?"

நெஸ்டா மன்னிப்பு என்று வாயெடுத்தாள்.

"வேண்டாம்" என்றாள் மோர்வித். "அதை எங்கிட்ட சொல்லாதீங்க. நான் அவருகிட்ட சொல்ல வேண்டியதே எனக்கு இன்னும் இருக்கு." பழைய ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். அன்று இரவு உணவுக்கு அவள் இறங்கி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மோர்வித் மலைக்குப் போகும் உடையில் கூடத்துக்கு வந்தாள். டியூடர் பதறிப்போய்த் தானும் உடன் வருவதாகச் சொன்னார். "நான் தினம் அஞ்சு மைல் நடக்கறவ" என்று அவரை நிறுத்திவிட்டாள். ஏட்டில் எழுதினாள்: 'மோர்வித் ரீஸ், அறை 7. கறுப்பேரி, காக்கைப் பாறையின் கீழ்வழி. ஒரு மணிக்குத் திரும்புவேன்.' பேனாவை வைத்துவிட்டு, நேற்றிலிருந்து முதன்முறையாக நெஸ்டாவைப் பார்த்தாள்.

"இதை நான்தான் அடிப்பேன்."

"சரி மிஸஸ் ரீஸ்."

கதவு மூடிய பின் நெஸ்டா ஏட்டுக்கு எதிரேயிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. பதினொன்றானது. பன்னிரண்டானது. கண்ணாடியில் மழை சரம்சரமாக வழிந்தது. டியூடர் வந்து காற்றழுத்தமானியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். முள் இன்னும் கீழே இறங்கியது. ஒரு மணி அடித்தது. வெண்கலத் தட்டும் ஒலித்தது.

ஒல்வென் பூட்ஸ் அறைப் பக்கமிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். "ஏன்டி இங்கயே பிள்ளையப் பெத்தவ மாதிரி உக்காந்திருக்க? ஆட்டுக்கறி ஆறிடும். நான் சமைக்கல, அதனால ஏற்கெனவே பாதி கெட்டுப்போச்சு. ஆறவும் ஆறினா நாய்கூட மோந்து பாக்காது."

"மிஸஸ் ரீஸ் இன்னும் வரல ஆன்ட்டி."

"வந்துட்டாங்க போலிருக்கே. பொம்பள பூட்ஸ் ஒரு ஜோடி பலகையில சொட்டச்சொட்ட இருக்கு, இப்பத்தான் பாத்தேன். நேரா வெந்நீருக்குப் போயிருப்பாங்க. பேரை அடிச்சுவிட்டுட்டு நீ வா."

நெஸ்டா பூட்ஸ் அறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்த்தாள். மோர்வித்தின் பெயர் கோடில்லாமல் கிடந்தது. மாடிக்கு ஓடி ஏழாம் அறையைத் தட்டினாள், பதில் இல்லை, திறந்தாள், ஆள் இல்லை. கீழே வந்தாள். மோர்வித்தின் பெயருக்கு அடியில் தன் பெயரை எழுதினாள். "டியூடர்!" என்று கூடமே அதிரக் கத்தினாள். "அவங்க வரல. நான் முன்னால போறேன். நீங்க கயிறும் ஆளும் கூட்டிக்கிட்டு வாங்க!"

முன்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயது நெஞ்சு கொல்லன் துருத்திபோல இரைந்தது. வேலிமேல் ஏறி இறங்கப் படி வைத்த முதல் படிவேலி. ஓடை. அதன்மேல் போட்ட பலகை. இரண்டாவது படிவேலியைத் தாண்டி இறங்கியதும் நின்றாள்.

வேலியோரக் கல்மேல் மோர்வித் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டியது. அடிபட்டதாகத் தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் மாளிகையின் புகைபோக்கியும் முன்வாசலும் தெளிவாகத் தெரிந்தன.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருபத்தஞ்சு இருக்கும்."

"ஒண்ணுக்கு முன்னாலயே இங்க வந்துட்டேன்." மோர்வித் புகைபோக்கியைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்கேருந்து கிளம்பி ஒருத்தர் இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. இருபத்தஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் ஆகுது."

நெஸ்டா ஈரப்புல்லின்மேல் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மோர்வித் அவளைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது ஓயும்வரை கல்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வேலியின் படியில் அவள் ஏறக் கை கொடுத்தாள். அந்தக் கை பனிபோலச் சில்லிட்டிருந்தது. மறுபுறம் இறங்கியதும் அதை விலக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் டியூடர் கயிறோடும் இரண்டு பண்ணையாட்களோடும் எதிரே வந்தார். இருவரையும் பார்த்து, எதையும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார். பூட்ஸ் அறைப் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தவை பரிமாறுகிற பெண்ணுடையவை என்று பிறகு தெரியவந்தது; கோழிக்கூட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஒல்வென் நாற்காலியில் சாய்ந்து, "நான் என்னத்தக் கண்டேன்" என்று மூன்று தடவை முணுமுணுத்துவிட்டு, அதன் பிறகு அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை.

கூடத்தில் மோர்வித் தன் பெயரைத் தன் கையால் அடித்தாள். நெஸ்டா தன்னுடையதை அடித்தாள்.

பயணப்பெட்டியோடு மோர்வித் கீழே இறங்கி வந்தபோது அவள் கையில் பழைய ஏடும் இருந்தது. அதை மேசைமேல் வைத்து, அந்தப் பக்கத்தை விரித்து, பேனாவை நெஸ்டாவிடம் நீட்டினாள்.

"நாளைக்கு இது போயிடும். பாக்கறவங்க எல்லாரும் அந்தக் கோட்டத்தான் பாப்பாங்க. கீழ எழுதுங்க."

"என்ன எழுதணும் மிஸஸ் ரீஸ்?"

"என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும்."

நெஸ்டா எழுதினாள். பழைய தாளில் புதிய மை சற்று ஊறிப் பரவியது. 'இத்தெல் ரீஸ், அறை 7. திரும்பவில்லை. மேலே உள்ள கோடு அவர் போட்டதன்று, நான் போட்டது.' அதன் கீழ் தன் முழுப் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினாள். கோடு எதுவும் போடவில்லை.

மோர்வித் அதை இரண்டு முறை படித்தாள். தலையசைக்கவில்லை, நன்றி சொல்லவில்லை, விடைபெறவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியே இறங்கினாள். அவள் காரின் சிவப்பு விளக்குகள் மழையில் நெடுந்தூரம் தெரிந்தன. பின்பு வளைவில் மறைந்தன.

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. ஆனாலும் பள்ளத்தாக்கில் இருட்டத் தொடங்கிவிட்டது. மை காயட்டும் என்று நெஸ்டா ஏட்டை மூடாமல் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.